கூப்பிடாமல் போகவேண்டிய வீடு

தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவால் போகும் இரட்டைத் தட்டு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மரினாவைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் பெண் சாரதி அவர். வயது போனவர்கள் ஏறினால் அவர்கள் போய் இருக்கும்வரைக்கும் பஸ்ஸை எடுக்கமாட்டார். பின்னால் நிற்கிற வான்காரன் எவ்வளவுதான் ஹோர்ன் அடித்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். முழங்கால் வருத்தம் உள்ள, எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த அருள்நாயகி அக்கா, மரினாவின் பஸ் வரட்டும் என்று முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற ஆள்.

அந்த மரினா எனக்குச் சம்பந்தி. என் மகன் றொமேஷ் கலியாணம் முடித்திருப்பது அவருடைய ஒரே மகள் மிலிட்சாவை. பங்கு மலருக்கு எங்கள் இடத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் கோவில் சுவாமி கேட்டபோது எனக்கு வேறு ஒருவரும் நினைவில் வரவில்லை. மரினா தமிழர் இல்லை. கத்தோலிக்கரும் இல்லை, சேர்பியா நாட்டு ஓர்த்தடொக்ஸ் திருச்சபைக்காரர். ஆனாலும் தேவனுக்கு நன்றி சொல்லி, பெருமையோடு எழுதுகிறேன். நானும் அவரும் பேசுவது ஒரு வகை ஆங்கிலம், அது எங்கள் இரண்டு பேருக்கும்தான் விளங்கும். அதனால் அவர் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

மரினா பிறந்தது கிராகுயெவாட்ஸ் என்ற ஊரில். தகப்பன் அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை. தாய் வீட்டோடு இருந்தவர். அந்தத் தாயைப் பற்றி மரினா சொல்லுவார்: அம்மா ஒரே குசினியில், ஒரே அடுப்பில்தான் காலம் முழுக்கச் சமைத்தவ. பிறக்கும்போது யூகோஸ்லாவியா ராச்சியம். கலியாணம் முடிக்கும்போது அது ராசா இல்லாத யூகோஸ்லாவியா. பிறகு மற்ற நாடுகள் பிரிந்துபோக மிச்சம் இருந்ததற்கும் யூகோஸ்லாவியா என்றே பெயர். பிறகு சேர்பியாவும் மொண்டெனேக்றோவும். கண் மூடும்போது சேர்பியா. "எங்கட அம்மா வாசலுக்கு வெளியால போகாமலே அஞ்சு நாடு பாத்தவ" என்று அவர் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். விசா எடுத்து, ஏஜன்சிக்குக் காசு கொடுத்து, ஜேர்மனியில் ஏழு வருடம் இருந்து, பிறகு லண்டன் வந்த நாங்கள் பார்த்தது மூன்று நாடுதான்.

ஊரில் குண்டு விழுந்த தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மரினா கைக்குழந்தையோடு நிலவறையில் இருந்தவர். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் வேலை குறைந்துபோக, தச்சு வேலை தெரிந்த கணவர் கோரான் முதலில் லண்டன் வந்தார். பிறகு மரினாவும் பிள்ளையும் வந்தார்கள். மிலிட்சா பத்தாம் வகுப்பில் இருக்கும்போது கோரான் மாரடைப்பில் போய்விட்டார். அதுவரை கடை துப்புரவு செய்துகொண்டிருந்த மரினா, பஸ் ஓட்டப் பழக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். முதலாவது சோதனையில் பெயில், இரண்டாவதிலும் பெயில். மூன்றாவதில் சித்தியடைந்தார். இப்போது அதே கம்பனியில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஓட்டப் பழக்குகிறவர்களில் அவரும் ஒருவர்.

றொமேஷும் மிலிட்சாவும் ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. விஷயம் எங்கள் காதுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கஸ்பர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறார். மன்னார்க்காரர், வாய் கொஞ்சம் கூட, மனம் நல்லது. பெண்வீட்டார் கத்தோலிக்கம் இல்லையே என்பதுதான் அவருடைய கவலை.

பேசி முடிக்க மரினா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல். அவர்கள் நாட்டில் பிளம்ஸ் பழத்தில் வடிக்கிறது. கஸ்பர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இது எங்கட ஊர்ச் சாராயத்துக்குத் தமையன் என்றார். அதோடு கொஞ்சம் இளகினார். ஆனாலும் விடவில்லை.

"அப்ப நீங்கள் பாப்பரசரை ஏற்கிறேல்லை, என்ன சம்மந்தி?"

"எங்கட முதல் ராசாவுக்கு முடி அனுப்பினதே உங்கட பாப்பரசர்தான்" என்றார் மரினா. "எண்ணூறு வருஷமாச்சு. இன்னும் திருப்பிக் கேக்கேல்லை."

கஸ்பர் கண்ணாடிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். மரினா சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் அங்கே நெமான்யா என்று ஒரு பிரபு. சிதறிக் கிடந்த சேர்பியரை ஒன்றாக்கி ஆண்டு, கடைசியில் பதவியை மகன் ஸ்தேபானிடம் கொடுத்துவிட்டுத் துறவியானவர். ஸ்தேபானுக்கு ரோமாபுரியிலிருந்து முடி வந்தது. அவன்தான் சேர்பியரின் முதல் முடிசூட்டிய ராசா. அவனுடைய தம்பி சாவா, அரண்மனை வேண்டாம் என்று ஓடிப்போய்ச் சந்நியாசியானவர். அவர் கிழக்குப் பக்கம் போய், சேர்பியருக்கென்று தனியாக ஒரு திருச்சபையை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை நாட்டைக் கட்டினான், மற்றப் பிள்ளை கோவிலைக் கட்டினான். ஒருவன் மேற்கே கேட்டான், ஒருவன் கிழக்கே கேட்டான். தாய் தகப்பன் இரண்டு பேரையும் பிள்ளை இல்லை என்று சொல்லவில்லை.

அதைக் கேட்ட பிறகு கஸ்பர் சமயப் பேச்சை எடுக்கவில்லை. சம்பந்தம் சரி வந்தது. சம்பந்தி என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை என்று றொமேஷ் சொன்னான். சேர்பியரிடம் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் 'பிரியா' என்று கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து மரினா என்னைப் பிரியா என்றுதான் கூப்பிட்டார். பஸ்ஸில் அதைக் கேட்ட அருள்நாயகி அக்கா, உனக்கு எப்போது பெயர் மாற்றினார்கள் என்று கோவிலில் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

அந்த வருடம் மாரிக்கு முன்னால் மரினாவின் தகப்பன் கிராகுயெவாட்ஸில் இறந்துபோனார். மரினா போய் அடக்கம் செய்துவிட்டு ஒரு படத்தோடு திரும்பி வந்தார். குழந்தை இயேசுவைத் தாயார் கோவிலுக்குக் கொண்டுபோக, கிழவர் சிமியோன் கையில் ஏந்துகிற படம். நாங்கள் பெப்ரவரி இரண்டாம் திகதி மெழுகுதிரி மந்திரித்துக் கொண்டாடுகிற அதே திருநாள்தான். அவர்களுடைய கோவில் பழைய கலண்டர் கணக்குப்படி நடப்பதால் அவர்களுக்கு அது பதினைந்தாம் திகதி வருகிறது. ஸ்ரேத்தெனியே என்பார்கள், சந்திப்பு என்று கருத்தாம். அந்தப் படத்தை அவர் பஸ் கம்பனிக் குளிர்ச்சட்டைக்குள் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அது அவர்கள் வீட்டுப் படம் என்று மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும்.

அடுத்த பெப்ரவரியில் ஒரு நாள் கஸ்பர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். என்ன என்று கேட்டேன். மரினா கடைக்கு வந்தாவாம். நல்ல பெரிய மீனாகப் பார்த்துக் கேட்டாவாம். பதினைந்தாம் திகதி தங்கள் வீட்டுத் திருநாள், அன்றைக்குப் புதன்கிழமை என்பதால் இறைச்சி கூடாது, மீன்தான் என்று விளக்கமும் சொன்னாவாம். முள்ளைப் பார்த்து வெட்டித் தரச் சொல்லி, மூன்று பை நிறையக் கொண்டுபோனாவாம்.

"என்ர கையாலதான் வெட்டிக் குடுத்தனான்" என்றார் கஸ்பர். "விருந்து எண்டும் சொல்லுறா. மீனுக்கு எவ்வளவு உப்பு எண்டும் கேக்கிறா. வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

நான் மறந்திருப்பா என்று சமாளித்தேன். கூப்பிட இன்னும் நாள் கிடக்குது, வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லத்தான் நினைத்திருப்பா என்றேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டு விருந்துக்கு வழியில் கண்டு சொன்னால் போதாது. வாசலுக்கு வந்து, இரண்டு பேரையும் வைத்துச் சொல்ல வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். பதினான்காம் திகதி பின்னேரம் ஒவ்வொரு முறை வாசல் மணி அடிக்கும்போதும் நான் எழும்பிப் போனேன். மரினா வரவில்லை. பதினைந்தாம் திகதி கஸ்பர் விருந்துக்கென்று எடுத்து வைத்த புதுச் சேர்ட்டைத் திரும்ப அலுமாரிக்குள் மாட்டினார்.

றொமேஷ் மட்டும் வேலையிலிருந்து நேரே போயிருந்தான். அடுத்த நாள் காலை வந்து, ஏனம்மா நீங்கள் வரவில்லை என்று கேட்டான். கூப்பிடாமல் எப்படி வருவது என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். நான்தானே அம்மா பதினைஞ்சாம் திகதி எண்டு சொன்னனான் என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திகதி சொன்னால் போதும், அழைத்த மாதிரித்தான். பிறகு அவன் ஒன்று சொன்னான். மேசையில் இரண்டு கதிரையில் ஒருவரையும் இருக்க விடாமல் மரினா கடைசி வரைக்கும் மறித்து வைத்திருந்தாவாம்.

எனக்கு வீட்டில் இருக்க மனம் வரவில்லை. கடைத்தெரு பஸ் தரிப்பில் போய் நின்றேன். மூன்றாவதாக வந்தது மரினாவின் பஸ். பஸ் கார்டை மெஷினில் தட்டினேன். அவர் எல்லாருக்கும் சொல்வதுபோலக் காலை வணக்கம் சொன்னார். மற்ற நாளில் பிரியா என்று சிரிக்கிறவர், அன்றைக்கு மிஸிஸ் கஸ்பர் என்றார். ஓடுகிற பஸ்ஸில் சாரதியோடு கதைக்கக்கூடாது. நான் முன் இருக்கையில் இருந்து, செபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு கடைசித் தரிப்பு வரைக்கும் போனேன். எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. மரினா தேத்தண்ணீர்ப் போத்தலோடு தன் இடத்திலிருந்து வெளியே வந்தார்.

"நேற்று நீங்கள் எங்களைக் கூப்பிடேல்லையே, மரினா."

அவர் போத்தல் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். "கூப்பிடுறதோ? ஸ்லாவாவுக்கோ?"

ஸ்லாவா என்பது என்ன என்று அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. சேர்பியரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதரோ ஒரு திருநாளோ சொந்தம். அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அந்த நாளில் வீட்டுக்காரர் உயரமான தேன்மெழுகுத் திரி கொளுத்தி, கோதுமை அவித்து இனிப்புச் சேர்த்து, சிலுவை போட்ட பாண் சுட்டு வைப்பார்கள். அதற்கு யாரையும் அழைப்பது இல்லை. அழைத்தால் அது வெறும் விருந்து. தெரிந்தவர்கள் தாங்களாக வருவார்கள். வருகிறவர் வழிப்போக்கனாக இருந்தாலும் இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நாங்கள் அழைப்பு வரட்டும் என்று எங்கள் வீட்டில் இருக்க, அவர் ஆட்கள் வரட்டும் என்று தன் வீட்டில் இருந்திருக்கிறார்.

"எங்கட ராச்சியத்தைத் துருக்கிச் சுல்தான் பிடிச்சு, முந்நூறு வருஷத்துக்கு மேல எங்களுக்கு ராசா இல்லை" என்றார் மரினா. "முடி போச்சு, சட்டம் போச்சு, கொடி போச்சு. ஆனா வருஷத்தில ஒரு நாள் ஒவ்வொரு வீட்டிலயும் அப்பன் எழும்பி நிண்டு பாண் வெட்டுவான். அண்டைக்கு அவன்தான் அந்த வீட்டுக்கு ராசா. ராசா எண்டாலும் இருக்கக்கூடாது, நிண்டு வந்தவைக்குப் பரிமாற வேணும். நாடு இல்லாத காலம் நாடு எங்கட சாப்பாட்டு மேசையில இருந்தது எண்டு அப்பா சொல்லுவார்."

தகப்பன் பிறந்தபிறகு அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. தொழிற்சாலைக்காரன் கோவில் காரியம் செய்வது நல்லதில்லை என்று அவர் பதினைந்தாம் திகதியும் வழமைபோல வேலைக்குப் போய்வந்து, பொழுதுபட்டதும் யன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் திரி கொளுத்துவாராம். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மரினாவை முடித்த கோரான் அந்த வீட்டுக்கே வந்து, மாமனாரின் ஸ்லாவாவைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். இப்போது கோரானும் இல்லை, தகப்பனும் இல்லை. மரினாவுக்கு இருப்பது ஒரு மகள்.

"இந்த ஸ்லாவாவை எடுப்பியோ எண்டு றொமேஷிட்டக் கேப்பம் எண்டு இருந்தனான்" என்றார். "தாய் தகப்பனுக்கு முன்னால கேக்காமல் ஒரு பிள்ளையிட்ட அதை எப்படிக் கேக்கிறது? நீங்கள் வரேல்லை. சரி, அவைக்கு விருப்பமில்லை, என்னோட இது முடியட்டும் எண்டு நினைச்சிட்டன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும்தான். பஸ் எடுக்கிற நேரம் வந்தது. திரும்பும்போது அவர் என்னைப் பார்த்து, "பிரியா, பிடிச்சுக்கொண்டு இரு" என்றார்.

வீட்டுக்கு வந்து கஸ்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழைக்காத கதை தீர்ந்ததும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் கோரான் மாமனார் வீட்டுக்கு வந்த கதையில் திரும்ப இருண்டது.

"அப்ப என்ர மகன் வீட்டோட மாப்பிள்ளையோ? சனம் என்ன சொல்லும்?"

நான் மீன் கறியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். "நீங்கள் கலியாணம் முடிச்சு எங்க வந்திருந்தனீங்கள்? எங்கட அம்மா சீதனமாத் தந்த வீட்டிலதானே? அந்த வீட்டுக் கிணத்திலதானே நாலு வருஷம் குளிச்சனீங்கள்?"

அவர் கறிச்சட்டியை எட்டிப் பார்த்தார். கிணறு நல்ல கிணறு என்றார்.

இருந்தாலும் மனச்சாட்சிக்காக அடுத்த ஞாயிறு சுவாமியிடம் கேட்டார். கத்தோலிக்கப் பிள்ளை ஒன்று மற்றத் திருச்சபையின் குடும்பத் திருநாளை எடுக்கலாமோ என்று. சுவாமி சிரித்துவிட்டு, அதே குழந்தை இயேசு, அதே தாயார், அதே சிமியோன், பதின்மூன்று நாள்தான் வித்தியாசம், தம்பி இரண்டு நாளும் திரி கொளுத்தட்டும் என்றார். றொமேஷிடம் கேட்டபோது, அவன் விருந்து அன்றைக்கே மரினாவின் மேசையில் அந்தத் திரியைப் பார்த்து மனதில் ஆசைப்பட்டதாகவும், தான் கேட்டால் சரியில்லை என்று பேசாமல் இருந்ததாகவும் சொன்னான். இந்த வீட்டில் எல்லாரும் மற்றவர் வாய் திறக்கட்டும் என்று இருந்திருக்கிறோம்.

ஆனி மாதம் எங்கள் கோவிலில் கலியாணம் நடந்தது. அதைப் பற்றிப் போன மலரில் படம் வந்தது, நான் திரும்ப எழுதவில்லை.

இனி இந்த வருடத் திருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெப்ரவரி இரண்டாம் திகதி நாங்கள் வழமைபோலப் பூசைக்குப் போனோம். மந்திரித்த மெழுகுதிரியைக் கஸ்பர் வீட்டில் கொளுத்த விடவில்லை. பேப்பரில் சுற்றி அலுமாரியில் வைத்தார். பதினைந்தாம் திகதி அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். யாரும் எங்களை அழைக்கவில்லை. மரினா வேண்டுமென்றே அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மிலிட்சா சொன்னாள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறா, கூப்பிட்டால் பிழையாகிவிடும் என்று.

மரினாவின் வீடு பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வரிசை வீடு. கதவைத் திறந்தவர் நல்ல நீலச் சட்டை போட்டிருந்தார். முன்னறையில் மேசை, மேசையில் படம், கோதுமை, பின்னல் போட்ட பாண், நடுவில் திரி. கஸ்பர் கோட்டுப் பையிலிருந்து எங்கள் மெழுகுதிரியை எடுத்துக் கொடுத்தார். மரினா அதைக் கொளுத்தி, அந்தச் சுடரிலிருந்துதான் றொமேஷைக் கொண்டு தங்கள் திரியைக் கொளுத்துவித்தார்.

அந்த நேரம் மணி அடித்தது. அருள்நாயகி அக்கா, கையில் ஒரு பெட்டி கேக்கோடு. பின்னால் எங்கள் தெருக் குகநாதன் அண்ணையும் மனைவி ஜெயகௌரியும். அவர்களுக்குப் பின்னால் கடைக்கு மீன் வாங்க வருகிற இரண்டு குடும்பம். திரும்ப மணி. மரினாவின் பஸ் கம்பனி ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் பாடகர் குழு. நான் கஸ்பரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், இந்த விருந்துக்கு அழைப்புத் தேவையில்லை என்று தெரிந்த தைரியத்தில், மனிதர் இரண்டு கிழமையாக மீன் வெட்டி வெட்டி ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்.

"நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை" என்றார் என் காதுக்குள். "திகதியை மட்டும்தான் சொன்னனான்."

நான் மரினாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்பா வீட்டில் திரையை மூடிக்கொண்டு ஆறு ஏழு பேர் இருந்து மெதுவாகப் பேசினோம், கனபேர் வந்தால் பயம், இப்போது பார் என்றார். போய் முன்னறை யன்னல் திரையை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தார். தெருவில் போகிறவர்களுக்கும் மேசை தெரிந்தது. இருக்க இடமில்லாமல் சனம் படிக்கட்டில் இருந்தது. மீனும் கோவா இலைக்குள் சுற்றிய இறைச்சியும் முடிய, கஸ்பர் கடைக்கு ஓடிப்போய் றோல்ஸும் வடையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பாண் வெட்டுமுன் வீட்டுக்காரர் இரண்டு சொல் சொல்லுவது வழக்கம். மரினா நின்றுகொண்டு சொன்னார். மிலிட்சா ஆங்கிலத்தில் கொஞ்சம் திருத்தினாள், றொமேஷ் தமிழில் சொன்னான்.

இதே திருநாளில், ஆயிரத்து எண்ணூற்று நாலாம் ஆண்டு, ஒராஷாட்ஸ் என்ற கிராமத்தில் சேர்பியர் கூடி, இனித் துருக்கிப் படைத் தலைவர்களுக்கு அடங்குவதில்லை என்று எழும்பினார்கள். தலைவனாக எடுத்தது கறுத்த ஜோர்ஜ் என்று பெயர் பெற்ற ஒரு கால்நடை வியாபாரியை. அந்த எழுச்சி அடக்கப்பட்டது. அது தொடங்கிப் பதினொரு வருடம் கழித்து மிலோஷ் என்பவர் திரும்ப எழுப்பினார். அவரும் கால்நடை வியாபாரி, எழுத வாசிக்கத் தெரியாதவர். சண்டை பிடிக்கிற இடத்தில் பிடித்து, பேரம் பேசுகிற இடத்தில் பேசி, சுல்தானிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிமையை எடுத்தார். அவர் காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்தில், திரும்பவும் இதே திருநாளில், கிராகுயெவாட்ஸில் கூடி நாட்டுக்கு ஒரு அரசியல் சட்டம் கொண்டுவந்தார்கள். எழுத்துத் தெரியாத மனிதரின் ஆட்சியில் எழுதின சட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது நல்லாகப் பிடித்தது.

"அந்தச் சட்டத்தில ஒண்டு எழுதியிருந்தது" என்றார் மரினா. "எந்த ஊர் அடிமை எண்டாலும் சரி, சேர்பியாவில கால் வைச்ச நேரம் தொட்டு அவன் சுதந்திரமான ஆள்."

எங்கள் ஆட்களில் எல்லை கடந்து வராதவர் யார்? குகநாதன் அண்ணை போலந்துக் காட்டுக்குள்ளால் நடந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பெரிய ராச்சியங்களுக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் போகமுன் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்த நாளைத்தான் சேர்பியர் தங்கள் அரசு நாளாக இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். நிலைத்ததற்காக இல்லை, துணிந்து எழுதினதற்காக என்றார் மரினா. நாற்பது வருடத்துக்கு மேல் போய்த்தான் மற்ற நாடுகள் சேர்பியாவைத் தனி நாடு என்று ஒப்புக்கொண்டன. பிறகு ராச்சியமாகி, அயலவரோடு சேர்ந்து யூகோஸ்லாவியாவாகி, அது உடைந்து, இரண்டாயிரத்து ஆறில் திரும்பவும் சேர்பியா என்ற பெயரோடு தனியாக நின்றது. பிரிந்த காலத்தில் எங்கட பேரில பிழையான காரியங்களும் நடந்தது, செத்தவைக்காகவும் இண்டைக்குச் செபிப்பம், அதை மறைச்சுப்போட்டுப் பெருமை பேச எனக்கு ஏலாது என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு அவரில் இன்னும் மரியாதை கூடியது.

பிறகு பாணைத் தூக்கினார்கள். மரினா ஒரு பக்கம், றொமேஷ் ஒரு பக்கம். அடியில் சிலுவையாக வெட்டி, வெட்டில் வைன் ஊற்றி, மெதுவாகச் சுற்றினார்கள். கையெட்டியவர் எல்லாம் பாணில் கை வைத்தோம். கஸ்பரும் வைத்தார், மீன் மணம் போகவென்று காலையில் தேசிக்காய் போட்டு மூன்று தரம் கழுவின கை. "கிறிஸ்து எங்கள் நடுவில் இருக்கிறார்" என்று மரினா தங்கள் மொழியில் சொன்னார். "இருக்கிறார், இருப்பார்" என்று றொமேஷ் அதே மொழியில் பதில் சொன்னான். ஒரு மாதமாக வேலைக்குப் போகிற ரயிலில் மிலிட்சா பழக்கியிருக்கிறாள். பாண் இரண்டாகப் பிரிந்தது.

மரினா அதற்குப் பிறகும் இருக்கவில்லை. கால் வலிக்குதே, கொஞ்சம் இருங்கோ என்று நான் சொன்னேன். ராசா இருக்கக்கூடாது, பிரியா என்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில் றொமேஷ் வந்து, தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, தோளில் பிடித்து, போன வருடம் எங்களுக்காக மறித்து வைத்த கதிரைகளில் ஒன்றில் அவரை இருத்தினான். அன்றைக்கு முழுக்க அவன்தான் நின்றான், அவன்தான் எல்லாருக்கும் பரிமாறினான். மரினா இருந்தபடி, மருமகன் ஒவ்வொருவருக்கும் முன்னால் குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் சனம் கலையத் தொடங்கியது. திரியை ஊதி அணைக்கக்கூடாது, வைன் துளியால் அணைக்க வேண்டும். மரினா கிளாசை றொமேஷிடம் நீட்டினார். அவன் கரண்டியால் ஒரு துளி விட்டான், சுடர் சத்தமில்லாமல் அடங்கியது. மிச்சத் திரி பாதிக்கு மேல் இருந்தது. மரினா அதைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் உன்ர வீட்டில" என்றார். "நான் கூப்பிடாமல் வருவன்."